சுத்தமான சுவர்

“அக்கா, பச்சைக் கோட்டுக்காரன் ஒருத்தன் வர்றான். கழுத்துல பைனாகுலர் வேற!” என்று ஏணி உச்சியிலிருந்து ஒன்னோ கத்தினான்.

கேஷே திரும்பிப் பார்த்தாள். வட ஜெர்மனியின் அந்தக் கரைமேட்டுச் சாலையில் ஒரு சைக்கிள் நிதானமாக அவள் வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்து ஆட்கள் அந்தப் பச்சையில்தான் வருவார்கள்.

“மெதுவா பேசுடா. கடைசிக் கூடு விழுந்துச்சா இல்லையா?”

“பதினொண்ணும் விழுந்தாச்சு. மாட்டினா நான் கூலிக்கு வந்தவன்னு சொல்லிடுவேன். உன் தம்பின்னு சொல்லவே மாட்டேன், பார்த்துக்கோ.”

கூரை ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருந்த தகைவிலான் குருவிகளின் மண்கூடுகள் அவை. இது மார்ச் மாதம். குருவிகள் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் காலிக் கூட்டிலும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். போன வருஷம் ரொட்டிக் கடைக்காரர் அபராதம் கட்டி, ஊர் வாயில் விழுந்து எழுந்ததை அவளும் பார்த்துச் சிரித்தவள்தான்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டை விற்க முயன்று இரண்டு வருஷமாகிறது. முழங்கால் மாடிப்படி ஏற விடுவதில்லை. ப்ரேமன் நகரில், மகள் வீட்டுக்குப் பக்கத்து முதியோர் குடியிருப்பில் அவளுக்காகப் பிடித்துவைத்த அறையை இந்த மாதத்தோடு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

நாளைக் காலை ஒருவர் வீடு பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். “சுவர்ல அந்த எச்சத்தைப் பார்த்தா வாசலோட திரும்பிடுவாங்க” என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் அவளை இந்தக் காரியத்தில் இறக்கிவிட்டது.

ஒன்னோ ஏணியையும் மண் நிறைந்த தள்ளுவண்டியையும் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தவும், சைக்கிள் கேட்டருகே வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அந்தப் பக்கத்துக்காரர்கள் போல “மொய்ன்” என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், வந்தவர் தொப்பியைக் கழற்றி முழு வணக்கம் சொன்னார். நாற்பது வயதிருக்கும். அதிகாரிகள் வம்பை மரியாதையோடுதான் ஆரம்பிப்பார்கள் என்று கேஷே நினைத்துக்கொண்டாள்.

அவர் கூரை ஓரத்தையே பார்த்தார். பைனாகுலரைத் தூக்கினார், இறக்கினார். பிறகு சுவரை விரலால் தட்டிப் பார்த்து, ஜன்னல் சட்டத்தையும் அழுத்திப் பார்த்தார். தடயம் தேடுகிறார் என்று அவள் நினைத்தாள்.

“இங்க தகைவிலான் கூடு கட்டுமே?”

“இங்கயா? இல்லீங்களே.”

“ஒண்ணு கூடவா?”

“முப்பத்தெட்டு வருஷமா இருக்கேன். ஒண்ணு கூடப் பார்த்ததில்ல.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நம்பாதவர் போல நிற்கவே, வாய் தானாக மேலே பேசியது.

“என் வீட்டுக்காரருக்குப் பறவைன்னாலே ஆகாது. வந்திருந்தா அவரே விரட்டிவிட்டிருப்பாரு.”

சொல்லி முடிப்பதற்குள் நாக்கு கூசியது. முதல் குருவி வந்த சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிற மனிதர் ஹின்ரிக். மழையில்லாத வருஷங்களில், கூடு கட்ட அவற்றுக்குச் சேறு வேண்டுமே என்று முற்றத்தில் தண்ணீர் ஊற்றி மண் குழைத்துவைத்தவர். இறந்து மூன்று வருஷம்கூட ஆகாதவர் தலையிலா பழியைப் போட்டோம் என்று கேஷேவால் நிமிர முடியவில்லை.

ஒன்னோ துணைக்கு வந்தான். அவன் முழங்காலெல்லாம் மண். “அதான் அக்கா சொல்றாங்களே சார். இங்க ஈ, காக்கா கூட வராது. வந்ததுக்கு ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

வந்தவர் அவன் முழங்காலைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அவர் பார்வையோடு கேஷேவின் பார்வையும் போனது. கூரையடியில் பதினோரு அரைவட்டத் தடங்கள் பளிச்சென்று தெரிந்தன.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. முகம்தான் வாடிப்போனது. கோட்டின் உள்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அபராதச் சீட்டேதான் என்று அவள் உடைந்துபோனாள்.

“மன்னிச்சிடுங்க. நான்தான் இடிக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மேல சொன்னது அத்தனையும் பொய். அவருக்கு அதுங்கன்னா உயிர். நாளைக்கு வீடு பார்க்க ஆள் வருது, சுவர் சுத்தமா இருக்கணும்னு இந்தப் பாவத்தைப் பண்ணிட்டேன். அபராதத்தை என் பேர்ல எழுதுங்க. தம்பியை விட்டுடுங்க.”

“அம்மா, நான் அதிகாரி இல்ல.”

அவர் தாளைப் பிரித்து நீட்டினார். தரகரின் விளம்பரம். போன கோடையில் எடுத்த அவள் வீட்டுப் படம். கூரை ஓரத்தில் ஒவ்வொரு கூட்டையும் யாரோ பென்சிலால் ஆசை ஆசையாக வட்டமிட்டிருந்தார்கள்.

“நாளைக்கு வரவேண்டியவன் நான்தான். அக்கம்பக்கம் எப்படின்னு பார்க்கலாம்னு இன்னைக்கே வந்தேன்” என்றார்.

ஒன்னோ தலையைக் குனிந்துகொண்டான். கேஷே தாளை வாங்கி அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இந்தக் கூடுங்களுக்காகத்தாம்மா இந்த வீட்டுக்கே ஆசைப்பட்டேன்.”