கற்பூரம் அணைவதற்குள்

வேம்பு தன் மகளை எல்லையம்மன் கோயில் முன்னால் மணலில் மல்லாக்கப் படுக்கவைத்தாள்.

"அசையக்கூடாது கண்ணு. நைனா உன்னைத் தாண்டிப் போவாரு, அவ்ளோதான்."

நாலு வயசுப் பெண். ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு விழும் என்று சனமெல்லாம் ஓடினதே, அப்போது வேம்பு மீஞ்சூரில் தாய் வீட்டில் இருந்து வயிற்றில் சுமந்து வந்த பிள்ளை.

காத்திவாக்கம் குப்பம் முழுக்கக் கூடியிருந்தது. கூடாமல் இருக்குமா? பிள்ளையைத் தாண்டிச் சத்தியம் செய்வதைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. போன தடவை வலை திருடினவன் ஒருத்தன் பொய்யாய்த் தாண்டினான். ஆறாம் நாள் அவன் மகன் வாந்தி எடுத்தே செத்தான்.

கணக்கு எல்லாருக்கும் தெரியும். கற்பூரம் அணைவதற்குள் மூன்று முறை தாண்ட வேண்டும். பொய் சொல்லித் தாண்டினால், தாண்டினவன் ரத்தத்தில் பிறந்தது எட்டு நாள் தாங்காது.

இந்தச் சத்தியத்தைக் கேட்டவள் கன்னியம்மா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்து மூன்று வருஷம். கழிமுகத்தில் இறால் தடவி வயிறு கழுவுகிறவள். இப்போது இடுப்பில் ஏழு மாத ஆண்பிள்ளை. தகப்பன் வேம்புவின் புருஷன் எத்திராஜ் என்றாள். எத்திராஜ் இல்லை என்றான்.

"இல்லேன்னா அந்தாளு தன் புள்ளயப் போட்டுத் தாண்டட்டும் நாட்டாரே," என்று அவள்தான் சொன்னாள்.

எத்திராஜுக்கு மகள் என்றால் உயிர். தாண்டவே மாட்டான். அது அவளுக்குத் தெரியும். தாண்டாவிட்டால் இடுப்பில் இருப்பதற்குத் தகப்பன் பேர் உண்டு, சோறு உண்டு. தாண்டிவிட்டால் அவள் பொய்க்காரி. சாணித் தண்ணீர்ப் பானை ஓரமாகத் தயாராக இருந்தது.

குப்பத்துத் தலைவரான நாட்டார் ஒரு பிடி கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினார்.

"கன்னியம்மா வயித்துல பொறந்ததுக்கும் எனுக்கும் சம்பந்தம் இல்ல," என்றான் எத்திராஜ். சொல்லிவிட்டான். கால்தான் எழவில்லை.

"இன்னாய்யா எத்திராஜு, காலு மரத்துப்பூச்சா? கட்டுமரத்துல மட்டும் அந்தக் குதி குதிக்கிற?" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

கூட்டம் சிரித்தது. அவன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது. கன்னியம்மா மூச்சு விட்டாள்.

அப்போது வேம்பு எழுந்து போய், புருஷன் காதில் என்னவோ சொன்னாள். நாலு வார்த்தை இருக்கும்.

"பொண்டாட்டியே தைரியம் சொல்றா பாரு!" என்றாள் ஒருத்தி.

எத்திராஜ் வேம்புவை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு மெல்லக் கீழே மகளைப் பார்த்தான். எவனோ தொலைத்த துடுப்பு கரை ஒதுங்கிக் கிடந்தால் பார்ப்போமே, அப்படி.

தாண்டினான்.

பெண் கிளுகிளுவென்று சிரித்தது.

திரும்பி வந்து இரண்டாம் முறை தாண்டினான். குதிகால் கிளப்பின மணல் பெண்ணின் கண்ணில் விழுந்தது. "நைனா, எரியுது" என்றது. முள் குத்தினாலே தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை முழுக்க நடக்கிறவன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேம்புவும் அழவில்லை.

ஏன் அழவில்லை?

மூன்றாம் முறைக்குத் திரும்பினவன் தலையைத் தூக்கினான். அவன் கண் கன்னியம்மாவின் இடுப்புக்கு வந்தது. விரல் சூப்பிக்கொண்டிருந்த பிள்ளை மேல் நின்றது. அங்கேயே நிற்க, கால் மட்டும் எழுந்தது.

"வாணாம்!"

கன்னியம்மா பாய்ந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள்.

"தாண்டாதய்யா! நான் சொன்னது பொய்யி. எல்லாம் பொய்யி."

"அப்போ புள்ள யாருது?" என்றார் நாட்டார்.

"தெரியாது."

"தெரியாதாமே! அத்தினி பேரா?"

குப்பமே கைகொட்டிச் சிரித்தது. அம்மன் முன்னால் பொய் நிற்குமா என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், யாரும் தண்ணீர்கூடத் தரக்கூடாது என்றார் நாட்டார். முதலில் சாணித் தண்ணீர். அதை ஊற்றுவது பழி சுமந்தவனின் பெண்டாட்டி. அதுதான் முறை.

வேம்பு பானையைத் தூக்கினாள். பிள்ளை மேல் படாமல் கன்னியம்மா அதை வயிற்றுக்கடியில் வைத்துக் குனிந்துகொண்டாள். சாணித் தண்ணீர் முதுகில் வழிந்தது. ஊற்றுகிற சாக்கில் வேம்புவும் குனிந்தாள்.

"எட்டு நாளு கம்முனு இருந்தியானா, நீ சொன்னது நெசம்னு ஊருக்கே தெரிஞ்சிருக்குமே."

கன்னியம்மா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அந்தாளு காதுல இன்னா சொன்னேன் தெரியுமா? 'தைரியமா தாண்டு. பொண்ணு உன்னுதில்ல'ன்னேன்."

காலிப் பானையைப் போட்டு உடைத்துவிட்டு வேம்பு நிமிர்ந்தாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டே பெண் எழுந்து ஓடிவந்தது. "நைனா, தூக்கு" என்று எத்திராஜின் காலைக் கட்டிக்கொண்டது.

அவன் காலை உதறினான். பெண் மல்லாக்க விழுந்தது. கிடந்ததைத் தாண்டிக்கொண்டு அவன் பாட்டுக்குக் கட்டுமரத்தைப் பார்த்து நடந்தான்.

கன்னியம்மா கோயில் வாசலைப் பார்த்தாள்.

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.