மூன்றாவது ரிங்

இப்போதெல்லாம் ஒருத்தனுக்கும் ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யத் தெரியவில்லை.

பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்குகிறான். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். அந்தப் பக்கம் யாரோ எதையோ சொல்ல, இவன் சிரிக்கிறான்.

ரெமிஜியுஸ். எங்கள் கரைக்கு இவன் ஒருத்தன்தான் மெக்கானிக்.

மணலில் ஏற்றிய எங்கள் வள்ளத்துக்குள் குந்தி, சிலிண்டர்மேல் கை வைத்திருந்தேன். என்னை யாரும் வைக்கச் சொல்லவில்லை.

பிஸ்டனைச் சுற்றி நான்கு புது ரிங். வார்ப்பு இரும்பு. வளையாது, ஒடியும். தகரப் பட்டையால் அவற்றை இறுக்கிக் கட்டி, சுத்தியல் காம்பால் தட்டினான்.

ஒன்று இறங்கியது.

இரண்டு.

மூன்றாவது இடறியது. அப்போதும் போனில் சிரித்தான். சிரித்தபடியே ஓங்கித் தட்டினான்.

இறங்கிவிட்டது.

"வெளிய எடு" என்றேன்.

போனை வைத்தான். "என்ன பெருசு?"

"ரிங் ஒடஞ்சிருச்சு. எடு."

"எனக்கே கேக்கல. ஒங்களுக்குக் கோயில் மணி அடிச்சாலே கேக்காது. இது மட்டும் கேட்டுச்சாக்கும்?"

பக்கத்தில் நின்ற என் மகன் கஸ்பாரும் பல்லைக் காட்டினான்.

நாற்பது வருடம் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்த காதுதான். ஆனால் நான் காதால் கேட்கவில்லை. உள்ளங்கையில் பட்டது. மீன் முள் ஒடிகிற மாதிரி.

போன வாரம் இதே இஞ்சின் நடுக்கடலில் நின்றது. நீரோட்டம் கஸ்பாரை எல்லைவரை இழுத்துப் போனது. காற்று திரும்பியதால் வந்தான். தாண்டியிருந்தால் அந்தக் கரையில் ஜெயில்.

"கழட்டிப் பாத்தா என்னடா கொறஞ்சு போகும்?"

"இப்பக் கழட்டுனா நாளைக்கும் கடல் இல்லப்பா. ஒரு வாரமாச் சும்மா கெடக்கேன். விடுங்க" என்றான் கஸ்பார்.

சிலிண்டருக்குமேல் ஹெட்டை மாட்டினார்கள். நட்டுகளை முறுக்கினார்கள். கஸ்பார் கைப்பிடியைச் சுற்றினான்.

பிடித்துக்கொண்டது.

நீலப் புகை. பிறகு கொஞ்சம். பிறகு இல்லை.

ரெமிஜியுஸ் உழவு மாட்டைத் தட்டுவதுபோல இஞ்சினைத் தட்டிக்கொடுத்தான். "இப்பக் கை வச்சுப் பாருங்க பெருசு. என்ன சொல்லுது?"

வைத்தேன். சீராகத்தான் ஓடியது.

உடைந்த ரிங்கோடும் இஞ்சின் ஓடும். கரையில் நன்றாகவே ஓடும்.

கஸ்பார் வலையை ஏற்ற ஆரம்பித்தான். விடிவதற்குமுன் போய்விடுவான்.

நான் இறங்கி நடந்தேன்.

"எங்கப்பா போறீக?"



சவரியான் வீடு கரையின் அந்தக் கடைசியில். அவன் வள்ளத்தில் புது இஞ்சின். அவனும் நானும் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருடம் ஆகிறது.

நாளைக்குக் கஸ்பார் போகிற பக்கமாக வலை விடுவானா என்று கேட்க வேண்டும்.