கோல்டு பாலிசி

அன்று பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் அந்த டிராவல்ஸ் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். கடைக்காரர் கனகதாஸ். குடும்பத்தை மலேசியாவுக்குக் கூட்டிப்போகும் லிஜின். அவன் மனைவி ரெஜிலா. அவன் அப்பா அருமநாயகம், அம்மா ஓமனா. அம்பூரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சேர்ந்த ரெஜிலாவின் அம்மா ரத்னபாய். நாற்காலி ஐந்துதான். லிஜின் நின்றுகொண்டிருந்தான்.

நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டிக்கெட் பேசி முடிந்தது, ஓட்டல் பேசி முடிந்தது; பணம் கட்டுவதுதான் பாக்கி. இன்சூரன்ஸ் மட்டும் முடியவில்லை.

“கடைசியாட்டு சொல்லுதேன்,” என்றார் கனகதாஸ். “மூணு தரம் உண்டு. சாதா, சில்வர், கோல்டு. சாதாவுல பெட்டி தொலைஞ்சாலும், அங்க வச்சு காய்ச்சல் கீய்ச்சல் வந்தாலும் கிட்டும். சில்வர்ல அதே காரியம், தொகை கூடுதல். கோல்டுல, முன்னமே உள்ள நோய் அங்க வச்சு முத்தினாலும் ஆஸ்பத்திரிச் செலவு கிட்டும். நோயை இப்பமே எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான்.”

“கோல்டு,” என்றார் அருமநாயகம்.

இது ஏழாவது தடவை. லிஜின் எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

“ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி நேரா ரூவா கெட்டுமா? இல்ல, நாம கெட்டிட்டுப் பொறவு கேக்கணுமா?” என்று அடுத்த கேள்வியையும் போட்டார்.

“சேட்டா,” கனகதாஸ் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க மலேசியா பாக்கப் போறியளா, மலேசியாவுல ஆஸ்பத்திரி பாக்கப் போறியளா?”

“அப்பா, ஆறு நாள் சுத்திப் பாத்துட்டு வாறோம். சாதா போதும்.”

“எனக்கு நெஞ்சு வேதனை உண்டு மக்கா.”

ஓமனா சிரித்தே விட்டாள். “முப்பத்தாறு வருஷமாட்டு கூட இருக்கேன். எனக்குத் தெரியாத நெஞ்சு வேதனை எப்பம் வந்துது? நேத்தைக்குப் பிலா மரத்துல ஏறி மூணு சக்கைப்பழம் வெட்டிப் போட்டது யாராக்கும்?”

“ஏறி இறங்கினப் பொறவுதான் வந்துது.”

லிஜினுக்குத் தலை சூடேறியது. “செரி. அப்பாவுக்கு மட்டும் கோல்டு போடுங்க அண்ணா. மத்த நாலு பேருக்கும் சாதா.”

“அது நடக்காது. இது ஃபேமிலி பாலிசியாக்கும். ஆளுக்கொரு தரம் போட முடியாது. அஞ்சு பேருக்கும் ஒரே தரம்.”

“அப்பம் அஞ்சு பேருக்கும் கோல்டு,” என்றார் அருமநாயகம்.

எட்டு.

ஐந்து பேருக்கும் கோல்டு என்றால், கையிலிருக்கும் பணத்துக்குப் பயணத்தில் ஒரு நாளை வெட்ட வேண்டும். வெட்டக்கூடியது தீவுக்குப் போகும் நாள் மட்டும்தான். ரெஜிலா ஆசைப்பட்டுக் கேட்டதும் அந்த ஒரு நாளைத்தான்.

அதுவரை பொறுத்திருந்த ரெஜிலா வாயைத் திறந்தாள். “மாமா, நெஞ்சு வேதனை உள்ளவிய வீட்டுல இருக்கணும். போன வருஷம் எங்க அம்மைக்குக் காலு கொஞ்சம் வீங்கினதுக்கே நான் வேளாங்கண்ணிக்கு விட்டேனா? டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினேன்லா? நெசமாட்டு நோவு உண்டுன்னா நீங்களும் வராண்டாம்.”

ரத்னபாய் மடியிலிருந்த குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இதுவரை விமானத்தை முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

“சண்டை வேண்டாம் மக்களே,” என்றாள் மெல்ல. “நான் வீட்டுல நின்னுக்கிடுதேன். ஒரு டிக்கெட்டு மிச்சம் கிடைக்கும்லா. ரப்பரு மரத்துல பால் வெட்டும் முடங்காது.”

“மைனி, நீங்க சும்மா இரிங்க,” என்று அதட்டினார் அருமநாயகம். “நீங்க வரல்லன்னா நானும் வரல்ல. பிளேனு ஆளில்லாமப் பறக்கட்டு.”

“கேட்டியளா?” ரெஜிலா கணவனிடம் திரும்பினாள். “வயசானா சொந்த உசிரு மேல இவ்வளவு ஆசை வருமா?”

லிஜினுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “சாதா போடுங்க அண்ணா. இனி யாரும் பேசாண்டாம்.”

அப்பாவின் கையிலிருந்த படிவங்களைப் பிடுங்கினான். ஐந்தையும் நானே எழுதுவேன் என்று அடம்பிடித்து, அதற்காக அம்பூரிக்கும் பஸ் ஏறிப் போய் வந்திருந்தார். காலையிலிருந்து அவற்றை யாரிடமும் கொடுக்கவில்லை.

“எலே, அத இஞ்ச தா. நான் குடுத்துக்கிடுதேன்.”

லிஜின் காதில் வாங்காமல் புரட்டினான். ‘முன்னமே உள்ள நோய்’ என்ற இடத்தில் அவனுக்கு ‘இல்லை’. ரெஜிலாவுக்கு ‘இல்லை’. ஓமனாவுக்கு ‘இல்லை’.

அருமநாயகத்துக்கும் ‘இல்லை’.

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவர் சுவரிலிருந்த காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ரத்னபாயுடையது. அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து: ‘இதயத்தில் அடைப்பு. மாத்திரை உண்டு.’ பயணம் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பின்னால் குத்தியிருந்தது.

ரத்னபாயின் கை குடைப்பிடியில் அப்படியே நின்றுவிட்டது. மகளைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள்.

“என்னத்த வாசிக்கிய? குடுங்க அவருகிட்ட,” என்றாள் ரெஜிலா.

லிஜின் அந்தத் தாளை அடியில் கவிழ்த்து வைத்துக் கனகதாஸிடம் நீட்டினான்.

“கோல்டே போடுங்க அண்ணா. தீவு வேண்டாம்.”

ரெஜிலா எழுந்தேவிட்டாள். “உங்களுக்கும் கிறுக்கு பிடிச்சாச்சா? அப்பனும் மவனும் சேந்து என் ஆசையில மண்ணள்ளிப் போட்டாச்சு. உசிருப் பயம் உங்க குடும்பத்துக்கே உள்ளதாக்கும்!”

“ஆமா,” என்றான் லிஜின். “குடும்பத்துக்கே உள்ளதுதான்.”

கனகதாஸ் பயணத் திட்டத்தில் ஒரு வரியை அடித்தார். ஆறு நாளில் ஒன்று போயிற்று. ஐந்து பேருக்கும் மீதி ஐந்து நாள்.