மணியக்கார வீட்டு மாலதி

"அண்ணி, உங்க காலண்டரை மாமா கிழிச்சிட்டாரு!"

போனில் வெண்மதி கிசுகிசுத்தாள். கடலூரில் இருக்கும் பெரியப்பா தில்லைநாதனின் மருமகள் அவள். சிதம்பரத்தில் வரைந்துகொண்டிருந்த மாலதியின் கையில் தூரிகை அப்படியே நின்றது.

"நெசமாவா?"

"கண்ணால பாத்தேன் அண்ணி. கூடை பூரா தாளு. காலையில கண்ணாடியை மாட்டிக்கிட்டு உங்க படத்தையே மொறைச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் சர்ரு சர்ருன்னு ஒரே சத்தம். நான் காபியோட வர்றதுக்குள்ள எதையோ பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. எங்க மாமான்னு கேட்டேன். ‘ஒரு முடிவு கட்டிட்டு வர்றேன்’னாரு."

"பேரைப் பாத்துட்டாரா?"

"பாக்காமயா இவ்வளவு கோவம்? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. வெச்சிர்றேன்."

கடலூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு, புத்தாண்டுக்காக வரைந்த தினசரிக் காலண்டர் அது. பத்தாயிரம் பிரதிகள். மாலதி பழைய தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பவள். தடித்த கறுப்புக் கோடும், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றே வண்ணங்களுமாக இருக்கும் அந்தப் பாணியில்தான் இதையும் வரைந்திருந்தாள். ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் மாசி மகத்துக்குக் கடலோரக் கிள்ளைக்கு வருகிறார். அந்த ஊர் தர்காக்காரர்கள் மாலையோடு எதிர்கொள்கிறார்கள். குடை பிடிப்பவரில் தொடங்கி பலூன் விற்பவர் வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு முகங்கள். நான்கு மாத உழைப்பு.

அதில் வெறும் ‘மாலதி’ என்று போட அவளுக்கு மனம் வரவில்லை. ‘மணியக்கார வீட்டு மாலதி’ என்று போட விரும்பினாள். குடும்பத்து மூத்தவரைக் கேட்காமல் அந்தப் பேரை எடுத்தாள்வது முறையல்ல. அதனால் தீபாவளிக்கு முன்பே நேரில் போய்க் கேட்டாள்.

தில்லைநாதன் யோசிக்கக்கூட இல்லை.

"அந்தப் பேரு சொத்துப் பத்திரத்துல இருக்கும், கல்யாணப் பத்திரிகையில இருக்கும். சலூன்லயும் டீக்கடையிலயும் தொங்காது. மீறிப் போட்டேன்னா இந்த வீட்டுப் பக்கம் வராத."

சொன்னால் சொன்னதுதான். சொந்தத் தம்பியோடு ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர் அவர். ஆனால் மாலதியும் அந்த வீட்டு ரத்தம்தானே? போட்டாள். அவர் கண்ணில் படாத ஓர் இடமாகப் பார்த்துப் போட்டாள்.

எப்படியோ பட்டுவிட்டது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து, உச்சி வெயிலில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெரியப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் தில்லைநாதன் தெரிந்தார். எண்பத்திரண்டு வயதிலும் வளையாத முதுகு. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய தட்டையான ஒரு பொட்டலம்.

"ஏன் வெயில்ல நிக்கிற?"

"வராதன்னு சொன்னீங்கல்ல பெரியப்பா?"

"அப்போ பேரைப் போட்டுட்ட."

"போட்டேன்."

"என் பேச்சை மீறி."

"மீறித்தான் போட்டேன். அந்தப் பேரு உங்களுக்கு எப்படி வந்துச்சோ, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. வெக்கப்படுற மாதிரி நான் எதையும் வரையல. கோவம்னா என்னைக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டியிருக்கலாம். நாலு மாசம் கழுத்து ஒடிய ஒக்காந்து போட்டது. அதைப் போயிக் கிழிச்சிட்டீங்களே!"

"யாரு சொன்னா?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று அடங்கியது.

"இந்த வீட்டுல ஒரு ரேடியோ இருக்கு. கரண்டே வேணாம் அதுக்கு," என்றார் தில்லைநாதன், கதவைப் பார்க்காமலே. "ஆமா, கிழிச்சேன். இல்லேங்கல. ஒண்ணு விடாம கிழிச்சேன்."

மாலதி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"சரி பெரியப்பா. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன். ஆனா பேரை மட்டும் விட மாட்டேன்."

"எனக்கே சவாலா? நில்லு. போறதுக்கு முன்னாடி இதை எடுத்துக்க."

பொட்டலத்தை நீட்டினார். கிழிந்த துண்டுகளைக் கையோடு திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்தபடி வாங்கினாள். ஆனால் கனத்தது. அங்கேயே நின்று தாளைப் பிரித்தாள்.

கண்ணாடி போட்ட தேக்குச் சட்டம். உள்ளே பெருமாளும் குடையும் மாலையும் நூற்றுப் பன்னிரண்டு முகங்களும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன.

"பிரேம் போடுற கதிர்வேலு, படம் மட்டும் போதும், கீழ்ப் பக்கத்தை வெட்டிரலாம் சார்னான். அங்க கத்தி பட்டா கையை ஒடிச்சிருவேன்னு சொன்னேன்."

மாலதிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ எதைத்தான் கிழிச்சீங்க?"

"கீழ பாரு."

படத்துக்குக் கீழே தேதித் தாள்களின் கட்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் கிழித்து எடுத்த இடத்தில், அவற்றுக்கு அடியில் அவள் ஒளித்துவைத்த ‘மணியக்கார வீட்டு மாலதி’ சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தது.

"வேணாம்னா அடங்கிப் போற பொண்ணு இல்ல நீ, எங்கயாச்சும் போட்டிருப்பன்னு எனக்குத் தெரியும்," என்றார் தில்லைநாதன். "இப்படி ஒரு படத்தைப் பாத்த பொறவு, அந்தப் பேரைப் பாக்க டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் யாரால காத்திருக்க முடியும்?"