ஆபீஸ் சட்டை போட்ட பொம்மை

திருநகரில் சீதாராமன் வீட்டு மொட்டை மாடித் தக்காளியை மூன்று வருடமாக ஒரு குருவியும் தொட்டதில்லை. காரணம், அவருடைய பழைய ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும் வைக்கோல் பொம்மைதான் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களை மாடிக்கே அழைத்திருந்தார். 'பறவைகளை விரட்டுவது எப்படி' என்று அரை மணி நேரம் பேசப்போகிறார்.

வருகிறவர்கள் கண்ணில் படுமே என்று ஒன்று மட்டும் உறுத்தியது. பக்கத்துக் காலி மனையில் மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. மனைக்குச் சொந்தக்காரர் ராஜபாண்டி, அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருப்பவர். அவருக்குப் போன் போட்டார்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும் சார். குருவி, அணில் அம்புட்டும் அதத்தான் திங்குது."

"பாம்பு வரும்ப்பா."

"வந்தா சொல்லுங்க, நானும் வாரேன்."

சரியான சோம்பேறி என்று மனைவி ஜகதாம்பாளிடம் திட்டித் தீர்த்தார். நானே ஆள் விட்டுக்கொள்கிறேன் என்று மறுபடி போன் செய்ததற்கு, உங்க இஷ்டம் சார் என்று பதில் வந்தது. புதன்கிழமை இரண்டு பேர் வந்து வேரோடு பிடுங்கினார்கள். மனை பளிச்சென்று ஆனது.

சனிக்கிழமை காலை மாடியிலிருந்து ஜகதாம்பாள் கூப்பிட்டாள்.

"ஏன்னா, உங்க சட்டையை வந்து பாருங்கோ."

பொம்மையின் தோளில் உட்கார்ந்து ஒரு கொண்டைக்குருவி காலரில் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. தொட்டிக்கு ஓர் அணில். மிச்சம் நாலு தக்காளி, அவையும் கடித்தவை.

எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சினார். சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டாச்சு என்றாள் ஜகதாம்பாள்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் மாடி ஏறினார்கள். கடைசியாக ராஜபாண்டி. இத்தனை பேரைப் பார்த்தும் பொம்மைத் தோளில் இருந்த குருவி அசையவில்லை.

"பொம்மையும் ரிட்டயர்டு ஆயிருச்சா சார்?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ராஜபாண்டி முன்னால் வந்தார்.

"தலைப்பு மாறிருச்சுண்ணே. பறவைகளைக் கூப்பிடுறது எப்படின்னுதான் சார் பேசப்போறாரு. அதுக்காகவே தக்காளி அம்புட்டையும் விட்டுக்குடுத்திருக்காரு."

கைதட்டினார்கள். சீதாராமன் ராஜபாண்டியைப் பார்த்தார். ராஜபாண்டி சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீதாராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முதல் விஷயம். பக்கத்து மனையில காட்டுத் தக்காளி மண்டிக் கிடந்தா, அதுல கை வைக்கப்படாது. வெச்ச ஒரு முட்டாளை எனக்கு நன்னாத் தெரியும்."