ஞாயிற்றுக்கிழமை நோட்டு

கணவன் தன் ஃபோனையும் மகளின் டேப்லெட்டையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். சாவி மகள் கைக்குப் போனது. ஆறு வயதில் வாண்டுவுக்குக் கிடைத்த மிகப் பெரிய பதவி அது.

“அம்மா, உன் ஃபோனும் உள்ள போகணும்!”

“எனக்கு டூட்டிடா செல்லம். பஸ்ஸை யாரு ஓட்டுவா, உங்கப்பாவா?”

சீருடைக்கு மேல் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். நகரப் பேருந்தில் ஓட்டுநர் வேலை. ஞாயிறு காலை ஷிஃப்ட் எப்போதும் அவள் தலையில்தான் விழும்.

குளிர்காலம் தொடங்கியபோது கணவன் கொண்டுவந்த ஏற்பாடு இது. அவன் வாரம் முழுக்கக் கணினியில் கட்டட வரைபடம் போடுகிறவன். மகளோ டேப்லெட்டும் கையுமாகவே வளர்ந்தவள். “வாரத்துல ஒரு நாளாவது இந்தக் கண்ணாடிச் சனியனையெல்லாம் தூக்கி உள்ள வெச்சுட்டு வெளிய போவோம்” என்று அவன் சொன்னபோது மனைவிக்குக் காதில் தேன் பாய்ந்தது.

“நானும் டூட்டிய மாத்திக்கிட்டு வரட்டுமா?” என்று அப்போதே கேட்டாள்.

“டெப்போ ஆபீசர்கிட்ட போய் நீ எதுக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்கணும்? நாங்க பாத்துக்கிறோம், விடு.”

எத்தனை பேருக்கு இப்படி ஒரு புருஷன் வாய்க்கும்!

அவள் ஓட்டும் தடம் ஏரிக்கரை வழியாகத்தான் போகும். நிறுத்தத்தில் பயணிகள் ஏறி இறங்கும் அரை நிமிஷத்தில், பனி படிந்த சரிவில் மகளின் சிவப்புத் தொப்பி உருண்டு போவது தெரியும். பின்னாலேயே கணவன் ஓடுவான். அதற்குள் யாராவது மணியடித்துவிடுவார்கள். கியரை மாற்றிக்கொண்டு அவள் கிளம்பிவிடுவாள்.

மதியம் வீடு திரும்பினால் அப்பாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

“தொப்பி வாத்து!” என்பாள் வாண்டு. அவ்வளவுதான், இருவரும் மறுபடி உருளுவார்கள்.

“அது என்னடி தொப்பி வாத்து?”

“உனக்குப் புரியாதும்மா. நீதான் வரவே இல்லையே.”

குழந்தை சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அன்று முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் துணி மடித்து வைக்கும்போது, கணவனின் ஸ்வெட்டர்களுக்கு அடியில் ஒரு நோட்டு அகப்பட்டது. ஃபோன் இல்லாததால் படம் எடுக்க முடியாது. அதற்குப் பதிலாக எழுதி வைக்கிறான் போலும். வரைபடத்தில் எழுதுகிற அதே அச்சடித்த மாதிரிக் கையெழுத்து.

‘காலை 9.10: கிளம்பினோம். 9.40: ஏரி. வாண்டு மூன்று முறை விழுந்தாள், அழவில்லை. கையுறை நான் மாட்டிவிட்டேன். 11.30: இருமல் மருந்து நான் கொடுத்தேன். அம்மா வரவில்லை.’

அடுத்த பக்கம் பனிச்சறுக்கு மைதானம். அதன் கடைசியிலும் ‘அம்மா வரவில்லை’. பதினோரு ஞாயிறுகள், பதினோரு பக்கங்கள். எல்லாமே அந்த இரண்டு வார்த்தையில்தான் முடிந்தன.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாவம், ஒவ்வொரு வாரமும் தன்னைத் தேடியிருக்கிறான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாளே டெப்போவில் சக ஓட்டுநர் ஒருவரைப் பிடித்தாள். “இந்த ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் என் ஷிஃப்டை எடுத்துக்குங்கண்ணே. பதிலுக்கு ஒரு மாசம் உங்க விடிகாலை டூட்டிய நான் ஓட்டுறேன்.”

“ஒரு நாளைக்கு ஒரு மாசமா? கணக்கு உதைக்குதேம்மா!” என்று சிரித்தபடி அவர் ஒப்புக்கொண்டார்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். வாண்டு நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். கணவன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “இப்ப எதுக்கு? உனக்கு வீண் அலைச்சல்.”

“பரவாயில்லைங்க. ஒரு நாள் அலைஞ்சா தேஞ்சா போயிடுவேன்?”

அந்த ஞாயிறு போல ஒரு நாள் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. மூவரும் ஒரே சறுக்குப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, சரிவில் பாதியிலேயே குப்புற விழுந்தார்கள். மூக்கு நுனியே இருக்கிறதா இல்லையா என்று தெரியாத குளிர். ஏரியில் தலை மேல் வெள்ளைக் குஞ்சம் வைத்த ஒரு வாத்து மற்ற வாத்துகளை மிரட்டிக்கொண்டு திரிந்தது. “அதான்மா தொப்பி வாத்து!” என்று வாண்டு காட்டியதும், அவளுக்குக் கண்ணில் நீர் முட்டும் அளவு சிரிப்பு வந்தது.

மாலை. கணவன் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். வாண்டு அவள் மடியில் சுருண்டிருந்தாள்.

“என்னங்க, இன்னைக்கு நோட்டுல எழுதலையா?”

குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது. “நீ... நீ அதப் பாத்தியா? கை விறைச்சுப் போச்சு. இன்னைக்கு வேணாம்.”

“அப்ப நானே எழுதுறேன்” என்று எழுந்து போய் நோட்டை எடுத்துவந்தாள். புதிய பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘இன்று அம்மாவும்’ என்று எழுதுவதற்குள், வாண்டு பேனாவைப் பிடித்து இழுத்தாள்.

“அய்யய்யோ, அதை எழுதாதம்மா!”

“ஏன்டா?”

குழாய் நின்றது. ஈரக் கையோடு கணவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். “வாண்டு, நீ போய்ப் படு.” அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தான்.

தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று வாண்டுவுக்கு உதடு பிதுங்கியது. அம்மாவின் காதருகே வந்து மெல்லச் சொன்னாள்.

“நீ வராத நாளை மட்டும் எழுதினாத்தான், ஜட்ஜு என்னை அப்பாகிட்ட குடுப்பாருன்னு வக்கீல் மாமா சொன்னாரும்மா.”