பீக்கன் மரத்து ஒடுக்கு

"தோள்பட்டை கழண்டு கையோட வந்துடும் போலிருக்கு. கொஞ்சம் நிறுத்துய்யா" என்று மரச் சுத்தியலைக் கீழே போட்டார் பட்டறைக்காரர் ஹோபார்ட்.

"காசு கொடுக்கிறவன் நான். என்னை வேலை வாங்கிட்டு நீங்க அலுத்துக்கிறீங்களே!" டிரெய்லருக்கு உள்ளேயிருந்து லையலின் குரல் வந்தது.

"ஒடுக்கு எடுக்க ரெண்டு ஆள் வேணும். ஒருத்தன் உள்ள இரும்புக் கட்டையை வச்சு அழுத்தணும், ஒருத்தன் வெளிய தட்டணும். எங்கிட்ட இருந்த பையன் ஓடிட்டான். உன் பொண்டாட்டிக்குத்தானே? அழுத்து."

ஓக்லஹோமா வெயிலில் அலுமினியத் தகடு தோசைக்கல்லாகச் சுட்டது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய டிரெய்லர் வீடு. பின்பக்க மூலையில் தகடு ஒரு பூசணிக்காய் அளவுக்கு உள்வாங்கியிருந்தது.

"இத்தனை வருசம் இந்த ஒடுக்கோடயே ஊர் சுத்தினவ, இப்போ இது போனாத்தான் வண்டியில ஏறுவேங்கிறா" என்றார் லையல். " குளிர் வர்றதுக்குள்ள அவளுக்குக் கடலைக் காட்டணும். அடுத்த வருசத்தைப் பத்தி டாக்டர் வாயே திறக்கல."

ஹோபார்ட் சுத்தியலை எடுத்தார். உடனே தட்டவில்லை.

"எப்படி விழுந்துச்சுன்னு கேக்கவே இல்லையே நீங்க?" என்றார் லையல்.

"எங்கயாவது இடிச்சிருப்பீங்க."

"நான் இல்ல. அவளோட முதல் புருசன் வேலை. ஏரிக்கரை முகாம்ல இவ ரிவர்ஸ் எடுக்கிறா. அந்த முட்டாள் பின்னால நின்னு 'லெஃப்ட், லெஃப்ட்'ங்கிறான். இவ ஸ்டியரிங்கை லெஃப்ட்ல ஒடிச்சிருக்கா. டிரெய்லரோட வால் ரைட்ல போய் மரத்துல டொம்!"

"ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பினா வால் மறுபக்கம் போகும். ஓட்டுறவளுக்குத் தெரிய வேணாமா?"

"வாலைச் சொல்றேனா, ஸ்டியரிங்கைச் சொல்றேனான்னு நிக்கிறவன் முன்கூட்டியே பேசிக்க வேணாமா?"

ஹோபார்ட் ஒடுக்கின் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினார். தகடு முனகிக்கொண்டு மேலே வந்தது.

"அப்பெல்லாம் சாயங்காலமானா ஏரிக்கரையில எல்லாரும் மடக்கு நாற்காலியைப் போட்டுடுவாங்க" என்றார். "கையில பீர். கெளுத்தி மீன் பொரிக்கிற வாசனை. எவனாவது கிட்டாரை நோண்டிக்கிட்டு இருப்பான். புதுசா வர்ற ஜோடி ரிவர்ஸ் எடுக்கிறதுதான் எங்களுக்கு சினிமா. அத்தனை பேர் சிரிச்சா ஆம்பளைக்கு ரோசம் வரத்தானே செய்யும்?"

"அதுக்கு? முகாமே பார்க்க, பொண்டாட்டியைக் குருட்டுக் கழுதைன்னு கத்துறதா? விடிஞ்சு பார்த்தா மரத்தடியில அவன் பெட்டி மட்டும்தான் இருந்துச்சாம். ஓட்டத் தெரியாதவ, டிரெய்லரைத் தனியா இழுத்துக்கிட்டு டெக்சாஸ் வரைக்கும் வந்துட்டா."

"பீக்கன் மரத்தடியில."

"என்னது?"

"தகட்டுல மரப்பட்டைத் தடம் தெரியுது. பீக்கன் கொட்டை மரம். பேச்சைக் குறைச்சுட்டு அழுத்துய்யா."

ஹோபார்ட் ஒடுக்கின் நடுப்பக்கத்துக்கு வந்து தட்டினார்.

"முட்டாள்தான்" என்றார் ஹோபார்ட், தகட்டைப் பார்த்தபடி. "தப்பு பின்னால நின்னவன் மேலதான்."

உள்ளே இரும்புக் கட்டை இன்னும் அழுத்தமாகப் பதிந்தது.

ஒடுக்கு முழுசாக எழும்பிவிட்டது. ஹோபார்ட் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். ஒருமுறை தடவினாலே போதும்; ஆனாலும் மூன்று நான்கு முறை தடவினார். லையல் இறங்கி வந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தார்.

"உள்ள வை. அவளுக்குக் கடலைக் காட்டு, போ."

"காசு வாங்க மாட்டீங்கன்னு அவ அப்பவே சொன்னா." லையல் பர்ஸை மடித்தார். "வழியில எத்தனையோ டிங்கர் பட்டறை இருந்துச்சு, ஒண்ணுலயும் நிறுத்த விடல. எதிர்த்த சாப்பாட்டுக் கடையிலதான் உக்காந்திருக்கா நெவா. 'பணம் கிணம் கொடுத்துடாதே லையல், என் மொத புருசன்தான் எனக்கு இன்னும் ஒரு மன்னிப்பு பாக்கி வச்சிருக்கான்'னா."